நோட்பேடில் ஒட்ட முடியாத நாவல்

பரிசோதனை நாவல்னு பேச்சு எடுத்தாலே நம்மாட்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "கதை சொல்ல வராதவன்தான் பக்கத்தைத் தலைகீழா அச்சடிப்பான்" என்பது முதல் கட்சி. புரியலையா, அப்போ உன்னதம்தான் என்பது ரெண்டாவது கட்சி. பின்நவீனத்துவம்னு ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் ரெண்டு பேருக்குமே வேலை முடிந்தது. எனக்கு ரெண்டு பக்கமும் ஒட்டவில்லை. குறிப்பிட்ட ஒரு பக்கத்தில், அந்த விசித்திர வடிவம் என்ன வேலை பார்க்கிறது என்ற சாதாரணக் கேள்வியை ரெண்டு பேருமே கேட்பதில்லை.

மார்க் டேனியலெவ்ஸ்கி எழுதி 2000-ல் வந்த 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' நாவலைச் சமீபத்தில் படித்து முடித்தேன். 700 பக்கத்துக்கு மேல். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக ஏழு வாரம். கதையைச் சொல்லிவிட்டு என் கட்சிக்கு வருகிறேன். (கொஞ்சம் கதை வெளியே வரும். அப்புறம் சண்டைக்கு வராதீங்க.)

வில் நேவிட்சன் ஒரு புகைப்படப் பத்திரிகையாளர், புலிட்சர் பரிசு வாங்கியவர். தன் துணைவி கேரன், ரெண்டு குழந்தைகளோடு வர்ஜீனியாவில் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறார். அளந்து பார்த்தால் வீட்டின் உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் அதிகம்! நம்ம ஆட்களாக இருந்தால் "டாலரன்ஸுக்குள்ள தான இருக்கு, விடு" என்று டிக்கெட்டை மூடியிருப்போம். அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப அளக்கிறார். பிறகு கூடத்துச் சுவரில் ஒரு கதவு முளைக்கிறது. அதற்குப் பின்னால் இருட்டான நடை, அதற்கும் பின்னால் முடிவே இல்லாத அறைகள், படிக்கட்டு. எல்லாவற்றையும் நேவிட்சன் படமாக எடுக்கிறார்.

அந்தப் படத்தைப் பற்றி ஸம்பனோ என்ற முதியவர் பெரிய ஆய்வு நூல் எழுதுகிறார். அவருக்குக் கண் தெரியாது. அவர் செத்த பிறகு கையெழுத்துப் பிரதி ஜானி ட்ருவன்ட் என்ற இளைஞன் கையில் கிடைக்கிறது. பச்சை குத்தும் கடையில் வேலை பார்க்கிறவன். அவன் அடிக்குறிப்புகளில் தன் சொந்தக் கதையை எழுதுகிறான். அப்படி ஒரு படமே கிடையாது என்றும் சொல்லிவிடுகிறான். யார் பேசுகிறார்கள் என்று எழுத்துருவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போ என் அளவுகோல். நம்ம தொழிலில் வேர்டு ஃபைலிலிருந்து எதையாவது காப்பி செய்தால் கண்ட ஃபார்மேட்டிங்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தொலைக்க முதலில் நோட்பேடில் ஒட்டுவோம். எழுத்து மட்டும் மிஞ்சும். இந்த மாதிரி நாவலையும் மனசுக்குள் நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். எதுவும் குறையவில்லை என்றால் அந்த வடிவம் வெறும் ஜிகினா. ஏதாவது செத்துப்போகிறது என்றால் அது தேவையாக இருந்தது என்று அர்த்தம்.

ஒன்பதாம் அத்தியாயம் இந்தச் சோதனையில் ஜோராகத் தேறுகிறது. ஆட்கள் இருட்டில் வழி தவறும் அத்தியாயம். ஒரு அடிக்குறிப்பு இன்னொன்றுக்கு அனுப்பும், அது வேறொன்றுக்கு, கடைசியில் கிளம்பின இடத்துக்கே. ஒரு குறிப்பு தலைகீழாக ஓடும். நடுப்பக்கத்தில் நீலக்கோடு போட்ட சதுரப் பெட்டிக்குள் ஒரு பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். தாளைத் திருப்பினால் அதே பட்டியல் கண்ணாடியில் பார்த்தது போல் இடவலம் மாறி நிற்கும். புத்தகத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. "அவர்கள் வழி தவறினார்கள்" என்று எழுதியிருந்தால் அது எனக்கு ஒரு தகவல். இங்கே தொலைந்தது நானே. நோட்பேடில் இது வராது.

அடுத்த அத்தியாயம் நேர் எதிர். பக்கத்துக்குச் சில வரிகள், சில சமயம் ஒன்றிரண்டு வார்த்தைகள்தான். கதையில் ஓட்டமும் பதற்றமும், நம் கையும் படபடவென்று தாளைத் தள்ளுகிறது. இன்னும் பின்னால், வேறொரு அத்தியாயத்தில் கயிறு அறும் இடத்தில் அந்த ஒரு வார்த்தையே பிய்ந்து பக்கங்களைத் தாண்டிக் கிடக்கிறது. "பேப்பரை வீணடிக்கிறான்" என்று முதல் கட்சி சொல்வது இந்தப் பக்கங்களைத்தான். கடையில் நின்று புரட்டினால் அப்படித்தான் தெரியும். ஒன்பதாம் அத்தியாயத்தில் மூச்சு முட்டிவிட்டு வந்து பாருங்கள், அந்த வெற்றிடத்தின் அருமை தெரியும்.

தேறாததும் உண்டு. 'வீடு' என்ற சொல் வருகிற இடமெல்லாம் நீல நிறம், பிற மொழிகளில் வந்தால்கூட. முதல் 50 பக்கம் கண்ணை உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது. அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஜிகினாதான். பெயர்ப் பட்டியல்களும் அப்படியே. கட்டடக்கலைஞர்கள், புகைப்படக்காரர்கள் என்று அடிக்குறிப்பில் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு பெயரையும் படித்தால்தான் நியாயம் என்று நினைக்காதீங்க. தாராளமாகத் தாண்டலாம். கட்டடம் பெரிசு என்று தெரிய எல்லாக் கதவையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனை புதுசுக்கு மட்டும் இல்லை. லாரன்ஸ் ஸ்டெர்ன் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யில் (1759-67) ஒரு பாத்திரம் சாகும் இடத்தில் முழுக்கக் கறுப்பாக அச்சடித்த பக்கம் வைத்தார். பி.எஸ். ஜான்சனின் 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' (1969) பெட்டிக்குள் தனித்தனியாக 27 பகுதிகள். முதலும் கடைசியும்தான் நிலையானவை, மற்றதை எந்த வரிசையிலும் படிக்கலாம். புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவுகள் அவை. செத்தவர் ஞாபகம் தேதி வரிசையிலா வருகிறது? ரெண்டுமே பாஸ். ஆனால் இதே டேனியலெவ்ஸ்கியின் 'ஒன்லி ரெவல்யூஷன்ஸ்' (2006) எனக்குத் தேறவில்லை. ரெண்டு பேர் கதை, ரெண்டு முனையிலிருந்தும் ஆரம்பம், 8 பக்கத்துக்கு ஒருமுறை புத்தகத்தைக் கவிழ்த்துப் படிக்க வேண்டும், மொத்தம் 360 பக்கம். கணக்கு அழகாக இருக்கிறது. கவிழ்க்கும்போது எனக்குள் எதுவும் கவிழவில்லை :-)

ஆக, பக்கம் சுற்றுவது மட்டும்தான் 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' என்று சொன்னால் அதுவும் தப்பு. என்னை ரொம்ப நேரம் தூங்கவிடாத ரெண்டு இடங்களுமே நோட்பேடில் அப்படியே ஒட்டக்கூடியவை.

ஒன்று, மனநலக் காப்பகத்திலிருந்து ஜானியின் அம்மா எழுதும் கடிதங்கள். ஒரு கடிதத்தில் ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி, அடுத்ததை அந்த முறையில் எழுதுகிறாள். உட்கார்ந்து எழுத்தைக் கூட்டினால், அங்கே தனக்கு நடக்கும் கொடுமையைச் சொல்லும் ஒரு அலறல் வெளியே வருகிறது. புதிர் விடுவித்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

இன்னொன்று 'டெலியல்'. நாவல் முழுக்க நேவிட்சன் முனகும் பெயர். அவருக்குப் பரிசு வாங்கித் தந்த புகைப்படத்தில் பட்டினியில் சாகக் கிடந்த குழந்தைக்கு அவரே வைத்த பெயர் அது. கெவின் கார்ட்டர் 1993-ல் சூடானில் எடுத்த, கழுகு காத்திருக்கும் அந்தப் படம் நமக்கெல்லாம் தெரியும். 1994-ல் புலிட்சர் கிடைத்தது, அதே வருஷம் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். டேனியலெவ்ஸ்கி அதை மறைக்கவும் இல்லை, அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்த இருட்டுக்குள் நேவிட்சன் மறுபடி மறுபடி ஏன் போகிறார் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தக் குழந்தைதான். தூக்கியிருக்கலாம், கேமராவைத் தூக்கினார்.

எனக்கு ரெண்டாவது கட்சி மேல்தான் அதிகக் கோபம். நீல நிறத்துக்கு எத்தனை அர்த்தம், எந்த அடிக்குறிப்பில் என்ன ரகசியக் குறியீடு என்று நோண்டுகிறவர்கள் அந்தக் குழந்தையை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் கட்சி புத்தகத்தைத் திறப்பதே இல்லை, இவர்கள் திறந்தும் பார்ப்பதில்லை. வடிவம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. சாதாரண வரிகள் துக்கத்தைக் கொடுத்தன. அந்தப் பயம் இல்லாமல் வந்திருந்தால் இந்தத் துக்கம் இவ்வளவு ஆழம் போயிருக்காது. ஏழு வாரம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

படிக்கப் போறவங்களுக்கு: ரெண்டு புக்மார்க் வைச்சுக்கோங்க, ஒன்று அடிக்குறிப்புக்கு. கடையில் புரட்டிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. படித்து முடித்தவர்கள், எந்தப் பக்கம் உங்கள் நோட்பேடில் செத்தது, எது பிழைத்தது என்று சொல்லிட்டுப் போங்க.

பி.கு.: ரயிலில் தலைகீழாகப் பிடித்துப் படித்தபோது எதிர் சீட் மாமா ரொம்ப நேரம் பரிதாபமாகப் பார்த்தார். அவர் எந்தக் கட்சின்னு தெரியலை :-)