பக்கத்துக் கதவின் சாவி யாரிடம்?

பனமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில். 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. கருங்கல். தீப்பிடிக்காது.

ஆனால் இன்று நாம் நூறு பேர், இருநூறு பேர் கூடுகிற இடங்கள் எல்லாம் கருங்கல்லா? தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, முன்னால் ஒரு கீற்றுப் பந்தல், உள்ளே துணி ஜோடனை, மேலே வயர். கல்யாண மண்டபமும் அப்படித்தான், டுடோரியல் காலேஜும் அப்படித்தான், கோயில் யாகசாலையும் அப்படித்தான். கிராமத்து மாதா கோயிலும் அப்படித்தான்.

இன்று மாதா கோயிலைப் பற்றிப் பேசுவோம். காரணம் உண்டு.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். சென்ற கிறிஸ்துமஸ் இரவு நண்பர் ஒருவர் அழைத்தார், போயிருந்தோம். நள்ளிரவுப் பூசை. கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பீடத்துக்கு முன்னால் பாயில் குழந்தைகள். பீடத்தின் இடப்புறம் குடில். வைக்கோல், காகிதத்தில் செய்த மலை, தர்மாகோல் பனி, அதற்குள் மினுக்கு மினுக்கென்று சீரியல் செட். குடிலுக்கு எதிரே மெழுகுவர்த்திகள் வரிசையாக.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. நமக்கோ கண் வயர் மேலேயே இருந்தது. பிளக் இல்லை. வயரின் முனையைச் சீவி, சுவிட்ச் போர்டு ஓட்டையில் விட்டு, தீக்குச்சி சொருகியிருந்தார்கள்! தீயை மூட்டுகிற குச்சியையே கரண்டுக்கு ஆப்பு வைத்தால் எப்படி?

வலப்புறச் சுவரில் ஒரு கதவு. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பூசை முடிந்ததும் கோயில் பிள்ளையிடம் கேட்டோம்.

"ஐயா, இந்தக் கதவைத் திறக்கிறது இல்லையா?"

"தொறந்தா நாய் வந்துடுதுங்க. செருப்பு வேற காணாப் போவுது."

"சாவி எங்கே?"

அவர் சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். "சாமியார் பங்களாவுலதான் இருக்கணும்" என்றார்.

நல்ல மனுஷர். அவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

1863: ஒரு திருநாள் மாலை

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. தலைநகர் சாந்தியாகோ. 1863 டிசம்பர் 8. நம் ஊரிலும் கொண்டாடுகிறார்களே, அமலோற்பவ மாதா திருநாள், அதே நாள். நகரின் பெரிய கோயிலில் மாலை வழிபாடு. ஆயிரக்கணக்கான விளக்குகள். திரைச்சீலைகள், காகிதப் பூக்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் காலத்து அகல அகலமான பாவாடைகள்.

பீடத்தில் ஒரு விளக்கின் தீ ஜோடனையில் பற்றியது. கூட்டம் வாசலை நோக்கி ஓடியது. கதவுகளோ உள்பக்கமாகத் திறக்கிறவை. முன்னால் வந்தவர்கள் கதவை இழுக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் அவர்களைக் கதவோடு சேர்த்து நெருக்குகிறார்கள். எப்படித் திறக்கும்? விழுந்தவர் மேல் விழுந்தவர், அவர் மேல் இன்னொருவர். பாவாடை தடுக்கியது. வெளியில் இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தும் ஆளை உருவ முடியவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஒரே மாலையில்.

அந்த ஊரில் அன்று தீயணைப்புப் படை என்று ஒன்று சரியாக இல்லை. சில நாட்களில் ஓர் இளைஞர் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார்: தீயணைக்கத் தொண்டர்கள் வாருங்கள் என்று. அந்த மாதமே படை அமைந்தது. இன்றும் இருக்கிறது.

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி. 2022 ஆகஸ்டு 14, ஞாயிற்றுக்கிழமை காலை. எகிப்தில் கெய்ரோவை ஒட்டிய இம்பாபா பகுதியில் அபு சிஃபைன் தேவாலயம். ஏ.சி. மெஷினில் மின்கோளாறு. 41 பேர் இறந்தார்கள். குழந்தைகள் நிறைய. தீ சுட்டதைவிடப் புகையும் நெரிசலும் கொன்றதுதான் அதிகம். நெருக்கமான தெரு, பல மாடிக் கட்டடம், இறங்கும் வழி குறைவு. விழுப்புரம் கடைத்தெருவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கணக்கு

சிலியும் எகிப்தும் எதற்கு? நம்மிடமே கணக்கு இருக்கிறது.

1997 ஜூன் 7. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தலில் தீ. 48 பேர் பலி. ராஜராஜன் கட்டிய கல் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் காலடியில் போட்ட பந்தலில்தான் மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி. மனநோயாளிகள் 28 பேர். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல், வீடியோ விளக்குக்கு இழுத்த மின்சாரம், இறங்க ஒரு குறுகலான படி. மாப்பிள்ளை உட்பட 60-க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்பின் கீற்றுக்குத் தாவியது. 94 பிஞ்சுகள். ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஆறு மாதம்கூட இல்லை! ஜனவரியில் கீற்றையும் குறுகல் படியையும் பார்த்துவிட்டு ஜூலையில் மறுபடியும் அதையே பார்த்தோம்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடக் கீற்றுகளை அரசு இறக்கச் சொன்னது. நல்லது. ஆனால் அதிகாரி வந்து இறக்கச் சொல்லும் வரை காத்திருக்கிற வழக்கம் மட்டும் போகவில்லை.

வண்டி வரும் வரை

தீயணைப்புக்கு 101. எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்சுக்கு 108. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பனமலை போன்ற ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து வண்டி கிளம்பினாலும் பத்து நிமிஷம் பிடிக்கும். விழுப்புரத்திலிருந்தோ செஞ்சியிலிருந்தோ என்றால் கேட்கவே வேண்டாம். வைக்கோல் குடில் அதுவரை காத்திருக்காது. இரண்டு மூன்று நிமிஷத்தில் கொட்டகை முழுவதும் புகை. அந்த நேரம் முழுக்க உள்ளூர்க்காரர்கள் கையில்தான்.

ஆகவே, பங்குத் தந்தைகளும் போதகர்களும் ஊர்ப் பெரியவர்களும் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

முதலில் கதவு. கூட்டம் நடக்கும்போது எல்லாக் கதவும் பூட்டில்லாமல் இருக்க வேண்டும். நாய் வந்தால் ஒரு பையனை நிறுத்துங்கள். செருப்புக்கு வேறு இடம் பாருங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றுவது ஓர் ஆசாரிக்கு ஒரு நாள் வேலை. இரும்பு இழுவை கேட் இருந்தால் முழுசாகத் திறந்து சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள்; பாதி திறந்த கேட்டில் கூட்டம் போனால் அதுவே கத்தி. வாசலை அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவர் யாராக இருந்தாலும், அவர் கவுன்சிலராகவே இருந்தாலும், எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது குழந்தைகள். இதை யாருமே யோசிப்பதில்லை. முன்னால் பாயில் உட்காருகிறவர்கள் அவர்கள். பெரிய வாசலுக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிறவர்களும் அவர்களே. குடிலுக்கும் மெழுகுவர்த்திக்கும் கிட்டத்தில் இருக்கிறவர்களும் அவர்களே! தீ என்றதும் பின்னால் இருக்கிற பெரியவர்கள் வாசலுக்கு ஓடுவார்கள். அம்மாக்கள் பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் முன்னுக்கு ஓடுவார்கள். நடுவில் மோதல். நெரிசல் பிறக்கிற இடம் அதுதான். பீடத்தின் பக்கத்தில் சாமியார் அங்கி மாற்றும் அறை இருக்கிறதல்லவா? பெரும்பாலும் அதற்கு வெளியே போக ஒரு கதவு உண்டு. குழந்தைகளின் வழி அது என்று வைத்துவிடுங்கள். ஞாயிறு வகுப்பு டீச்சர்கள் இருவர் முன்னும் பின்னும். வெளியே கெபி முன்னாலோ வேப்பமரத்தடியிலோ நின்று தலையை எண்ண வேண்டும். பிள்ளைகள் அங்கேதான் வருவார்கள் என்பது அம்மாக்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் உள்ளே திரும்பி ஓடமாட்டார்கள்.

மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சைத்தான் கூட்டம் கேட்கும். "ஐயோ தீ, தீ" என்று அவரே அலறினால் தீர்ந்தது. "எல்லாரும் எழுந்திரிங்க. பாடவேண்டாம், பையை எடுக்க வேண்டாம். கிட்ட இருக்கிற கதவு வழியா நடங்க" என்று நிதானமாக இரண்டு தடவை சொல்லட்டும். கரண்டை நிறுத்தினால் மைக் செத்துப்போகும். அப்போது மணி இருக்கிறது. துக்க மணிக்கு ஓர் அடி, பூசை மணிக்கு ஓர் அடி என்று நம் ஊர்க் காதுக்குப் பழக்கம். விடாமல் அடித்தால் ஆபத்து என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் வயலில் இருக்கிறவனும் ஓடிவருவான்.

மெயின் சுவிட்சு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் பீரோவை நகர்த்துங்கள். ஜெனரேட்டரும் டீசல் கேனும் சுவரை ஒட்டி வேண்டாம். கரண்டுத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மணல் வாளி, பவுடர் சிலிண்டர் இரண்டு. அந்தச் சிலிண்டரைச் சுவரில் மாட்டிப் பொட்டு வைத்துப் பிரயோசனம் இல்லை. பின்னை இழுத்து, ஜுவாலையின் தலையில் அல்ல, அடியில் அடிக்க வேண்டும் என்று நான்கு பேராவது கையில் பிடித்துப் பழகியிருக்க வேண்டும். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல் குனிந்து, தவழ்ந்து போக வேண்டும்; சேலையில் பற்றினால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். திருவிழா வாணவேடிக்கைக்கு ஆகிற செலவில் இதெல்லாம் கால் வாசிகூட இருக்காது.

பாரிசில் 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர தாம் பேராலயம் பற்றியது. உலகமே டி.வி.யில் பார்த்தது. அபாய ஒலி முதலில் அடித்தபோது காவலர்கள் தவறான இடத்தில் போய்த் தேடினார்கள். தீயைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போல ஆயிற்று. கூரை போயிற்று, கோபுர ஊசி விழுந்தது. ஆனால் ஒலி கேட்டவுடனேயே உள்ளே இருந்த வழிபாட்டுக் கூட்டத்தை வெளியே அனுப்பியிருந்தார்கள். உள்ளே இருந்த ஒருவர்கூடச் சாகவில்லை. கூரையை 2024-ல் மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள்.

இன்னொன்று. தீ மட்டும் அல்ல. 2024 பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் ஜனங்கள் ஓடுவது பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும்தான். உள்ளே வருகிற கூட்டத்துக்கும் வெளியே போகிற வழி வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூறு பேர் படுத்திருக்கும்போது பக்கத்துக் கதவு பூட்டியிருந்தால்?

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர் விட்ட தீயணைப்பு வீரர்கள் நினைவாக. அந்த வாரம் பள்ளிக்கூடங்களிலும் மில்களிலும் ஒத்திகை காட்டுகிறார்கள். மாதா கோயிலில், மசூதியில், அம்மன் கோயில் மண்டபத்தில் காட்டச் சொல்லி ஊரார் மனு எழுதிக் கொடுத்தால் நிலைய அதிகாரி மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. ஏப்ரல் வரை பொறுக்க வேண்டியதும் இல்லை. நவம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, பத்து நிமிஷம் போதும். மணி அடித்து, கோயில் காலியாக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

நாம் போன அந்த ஊரில் கோயில் பிள்ளையிடம் பொங்கலுக்கு முன்னால் போனில் விசாரித்தோம். சாவி சாமியார் பங்களாவில் இல்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

பூட்டை உடையுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.