ஆற்றில் ஒருவர் மூழ்கினால் இரண்டாமவரும் ஏன் இறக்கிறார்?

2018 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் உள்ள பழைய ஈயச் சுரங்கக் குளத்தில் 6 பொம்பா வீரர்கள் உயிரிழந்தனர். அங்கு மீன் பிடிக்கச் சென்று நீரில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடுவதற்காகவே அவர்கள் இறங்கினர. ஆறு பேரும் நீர் மீட்புப் பிரிவைச் சேர்ந்த, பயிற்சி பெற்றவர்கள். வலுவான நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது.

நாடே கலங்கிய சம்பவம் அது. ஆனால், அதிலிருந்து பொதுமக்கள் கற்றிருக்க வேண்டிய பாடம் இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. பயிற்சியும் கருவியும் உள்ளவர்களையே நீர் கொண்டுபோகும் என்றால், கரையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் உடுத்திய துணியோடு குதித்தால் என்ன ஆகும்?

பள்ளி விடுமுறைக் காலங்களில் வரும் செய்திகளைக் கவனித்தால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்பத் தெரியும். பிள்ளை வழுக்கி ஆழத்துக்குப் போகிறது. அப்பாவோ அண்ணனோ மாமாவோ பாய்கிறார். சில நேரம் பிள்ளை பிழைத்துக்கொள்கிறது, பாய்ந்தவர் பிழைப்பதில்லை. சில நேரம் இருவருமே இல்லை. பத்திரிகைகளாகிய நாங்களும் அதைத் 'தியாகம்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்தச் சொல் குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால் குதிப்பதுதான் ஒரே வழி என்ற எண்ணத்தையும் அது மறைமுகமாக வளர்க்கிறது.

குதித்தவர் ஏன் மூழ்குகிறார்? நீரில் தத்தளிப்பவருக்கு அந்த நேரத்தில் யோசிக்கும் நிலை இருக்காது. கைக்கு எது கிடைத்தாலும் அதன் மேல் ஏறி மூச்சு விடவே உடல் முயலும். காப்பாற்ற வந்தவரின் கழுத்தே அந்தப் பிடிமானமாகிவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இந்தப் பிடியிலிருந்து விடுபடுவது கடினம்.

இன்னொன்று, மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோல் கையை வீசி "காப்பாத்துங்க" என்று கத்துவது அரிது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும்போது மூச்சை இழுக்கவே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் விளையாடுகிறார் என்று நினைப்பார்கள். இவை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடக்கூடும். பத்து பெரியவர்கள் கரையில் இருந்தும் பிள்ளை மூழ்கியதை யாரும் பார்க்கவில்லை என்ற செய்தியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பத்துப் பேர் இருந்தால், மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

நம் நாட்டு மலை ஆறுகளில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. மலாயில் 'கெப்பாலா ஆயிர்' என்கிறார்கள். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. 'திடீர் வெள்ளம்' என்று எழுதுகிறோம். தமிழ் படித்த எனக்கு இந்தச் சொல் உறுத்தலாகவே இருக்கிறது. ஆழமான இடத்துக்கு மடு, கயம், கசம் என்று தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி இது. வெள்ளம் என்றால் நம் மனத்தில் வருவது, மழை கொட்ட, தண்ணீர் படிப்படியாக வாசலுக்கு ஏறும் காட்சி. கெப்பாலா ஆயிர் அப்படி வருவதில்லை. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை கிளைகளையும் மண்ணையும் அடித்துக்கொண்டு வந்து எங்கோ ஓர் அடைப்பை உண்டாக்கும். அது உடையும்போது மரக்கட்டையும் பாறையும் சேறுமாக ஒரே சுவராக இறங்கும். வானத்தைப் பார்த்து முடிவு செய்பவருக்கு அது தெரியவே தெரியாது.

2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடா, குனோங் ஜெராய் பகுதியில் இப்படி வந்த நீர் 6 பேரைப் பலிகொண்டது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங்கில் 3 பேர் மாண்டனர். அவர்கள் குளிக்கப் போனவர்கள்கூட இல்லை, கிராமத்து மக்கள். அடுத்த ஆண்டு, 2023 ஜூலை 1ஆம் தேதி, திரங்கானு, கெமாமானில் உள்ள ஜெராம் மாவாரில் 10 பேர் அடித்துச் செல்லப்பட்டனர். அது ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு குளிக்கப் போகும் நாள்.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் திடீரெனத் தேநீர் நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். மேலே இருந்து இரைச்சல் கேட்கும். நீர்மட்டம் சட்டென்று ஏறும், அல்லது குறையும். குறைவதைப் பலர் நல்லது என்று நினைக்கிறார்கள். மேலே அடைப்பு விழுந்ததால்கூட அப்படிக் குறையலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாயையும் பானையையும் எடுக்க நிற்காமல், ஆற்றின் ஓட்டத்தோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

கிந்தா, கிள்ளான் பள்ளத்தாக்குகளில் ஆபத்து வேறு முகம் காட்டுகிறது. ஈயம் தோண்டிய பள்ளங்கள் இன்று ஏரிபோல் அமைதியாகக் கிடக்கின்றன. கரையில் முழங்கால் அளவு இருக்கும் நீர் இரண்டு அடி தள்ளித் தலைக்கு மேல் போய்விடும். சரிவும் சேறும் ஏறி வர விடாது. மணல் அள்ளிய ஆறுகளிலும் இதே கதைதான், போன மாதம் நின்று குளித்த இடம் இந்த மாதம் பள்ளமாகியிருக்கும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் அந்த ஆழம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

நம் சமூகம் ஆற்றுக்குப் போவது குளிக்க மட்டும் அல்ல. கருமக்கிரியை, அஸ்தி கரைப்பு, திதி, மாசி மகம் எல்லாவற்றுக்கும் நீர்நிலை வேண்டும். அஸ்தி கரைக்க இறங்குபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சில நாள்களாகச் சரியாக உண்ணாமல், உறங்காமல், துக்கத்தில் இருப்பவர் அவர். அவரைத்தான் காலை நேரத்தில் வழுக்கும் படியில் நீருக்குள் இறக்குகிறோம். கூட ஒருவர் கயிறோடு நிற்பது சடங்குக்கு எந்தக் குறையும் செய்யாது. கடற்கரையில் செய்வதானால் நீரேற்ற நேரத்தைப் பார்த்துப் போகலாம். இதைக் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்லச் சடங்கைச் செய்துவைப்பவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

மதுவையும் சொல்லாமல் விட முடியாது. ஆற்றங்கரை பிக்னிக் என்றால் ஐஸ் பெட்டியில் பீர் போத்தல் என்றாகிவிட்ட இடங்கள் உண்டு. குடித்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது. குதிக்கவும் கூடாது.

அந்த ஐஸ் பெட்டிக்கு வேறு பயன் இருக்கிறது. காலி செய்து மூடி வீசினால் அது மிதக்கும், தத்தளிப்பவர் பிடித்துக்கொள்ளலாம். மூடிய காலி ஐந்து லிட்டர் நீர்ப் போத்தலும் அப்படியே. கரையில் குப்புறப் படுத்து நீண்ட கம்பையோ முறுக்கிய வேட்டியையோ துப்பட்டாவையோ நீட்டலாம். இன்னொருவர் 999-ஐ அழைத்து இடத்தின் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் சொல்ல வேண்டும். காட்டோரங்களில் தொலைபேசி அலை கிடைக்காமல் போகலாம், எங்கே கிடைக்கிறது என்பதைப் போய் இறங்கியதும் பார்த்து வைத்தால் நல்லது. வெளியே எடுத்தவரின் வயிற்றை அழுத்துவது, தலைகீழாகப் பிடிப்பது போன்ற பழைய வழக்கங்கள் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் மூச்சு கொடுத்து மார்பை அழுத்தும் சிபிஆர் முதலுதவியே தேவை.

இதை எல்லாம் யார் கற்றுத் தருவது என்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். சிங்கப்பூரில் 2010 முதல் 'சுவிம்சேஃபர்' திட்டம் நடக்கிறது. நீச்சலோடு நீரில் உயிர்பிழைக்கும் திறனும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இங்கே 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, அவற்றில் பெரும்பாலானவற்றில் நீச்சல் குளம் கிடையாது. தனியார் வகுப்புக்கு அனுப்ப எல்லாப் பெற்றோராலும் முடியாது. "குளிக்காதே" என்ற அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பியிருப்பது வசதியில்லாத பிள்ளையை நட்டாற்றில் விடுவதற்குச் சமம்.

குளம் இல்லாமலும் தொடங்கலாம். கம்பு நீட்டவும் போத்தல் வீசவும் பள்ளித் திடல் போதும். பல பொம்பா நிலையங்கள் அழைத்தால் பள்ளிகளுக்கு வந்து விளக்கம் தருகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கடிதம் எழுதிக் கேட்கலாம். அடுத்த நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரம் அதற்கு ஏற்ற நேரம்.