எட்டு மணி நேரம் யாருக்கு?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை இருந்த இடத்திலெல்லாம் கண்ணாடிக் கட்டடம் வந்துடுச்சு. கக்கூஸ் கழுவுற கை மட்டும் மாறல; நம்ம சேரிக் கைதான், இப்ப காண்ட்ராக்டில். வேலையும் வாழ்க்கையும் சமமா இருக்கணும்னு உள்ளே வகுப்பு எடுக்கிறார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கோ 12 மணி நேர ஷிப்ட்.

வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆக்கிய 1946 சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அம்பேத்கர். 2023 ஏப்ரலில் 12 மணி நேர மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பவே மே நாளில் வாபஸ் என்றார்கள். மசோதாதான் வாபஸ். காண்ட்ராக்ட் ஆளுக்கு அதே 12 மணி நேரம்தான்.

ராத்திரி ஆவடி ரயிலில் தொங்கிக்கிட்டு வீடு சேர்றவன் எப்பப் படிப்பான், எப்ப சங்கத்துக்கு வருவான்? தோழர்களே, காண்ட்ராக்ட் ஆளுக்கும் எட்டு மணி நேரம் என்பதே நம் முதல் கோரிக்கையாகட்டும்.