பழைய பூட்டும் புதிய திறவுகோலும்

திண்டுக்கல் நகரம் பூட்டுக்குப் பெயர் பெற்றது. 2019ஆம் ஆண்டில் அப்பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. பூட்டு எத்துணை உறுதியுடையதாயினும், திறவுகோல் இன்றேல் உள்ளிருக்கும் பொருள் பயன்படாது. பழைய கணினி விளையாட்டுகளின் நிலையும் அத்தகையதே.

1986இல் ஜப்பானின் சேகா நிறுவனம், காசிட்டு ஆடும் பொறியாக, 'அவுட் ரன்' என்னும் மகிழுந்து விளையாட்டை வெளியிட்டது. அதனை ஆக்கியவர் யூ சுசூகி. திரையிற் சாலை வளைந்தோடும். பெரிய பொறியில் இருக்கையும் உடன் அசையும். சாலை பிரியுமிடத்து ஆடுவோனே வழியைத் தேர்வான். இன்று அப்பொறிகள் அருகிவிட்டன. அவற்றுக்கென எழுதிய நிரலோ இக்காலக் கணினியில் நேரே இயங்காது. 1997இல் தோன்றிய 'மேம்' என்னும் மென்பொருள், பழைய பொறியைப் போலவே கணினியை நடக்கச் செய்து, அந்நிரலை இயக்குகின்றது. அதுவே புதிய திறவுகோல்.

விளையாட்டைக் காத்தல் வீண் வேலை என்பார் சிலர். அது பொருந்தாது. திண்டுக்கல் சமவெளியில் நுங்கு வண்டி உருட்டும் சிறுவனைக் கண்டு மற்றொருவன் தானும் ஒன்று செய்துகொள்வான். அவ்விளையாட்டு அவ்வாறே வாழும். பொறிக்குள் அடைபட்ட விளையாட்டுக்கு அவ்வழி இல்லை. அறிந்தோர் காவாவிடின் அது மாயும். ஆதலின், ஆடி மகிழ்வதோடு அமையாது, திறவுகோல் ஆக்கவும் கற்றல் இளைஞர் கடனன்றோ!