கணினி சொன்னால் போதுமா?

பாரம் ஏறினால் ஒரு கட்டுமானம் எங்கே, எவ்வளவு வளையும் என்று இன்று கணினிதான் சொல்கிறது. அதைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ‘ஃபைனைட் எலிமெண்ட்’ முறை அருமையானது. ஆனால் எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்பவன் மனிதன்.

நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு மேடைக்கான கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று, கடலில் இறக்கிச் சோதித்தபோது மூழ்கியது. சுவர்கள் சேரும் இடத்தில் துண்டுகள் சரியாக அமையவில்லை. வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாகக் கணக்கானது. சுவரும் மெலிந்துபோனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்ததோ 65 மீட்டரில்!

முறையில் பழுதில்லை. திரையில் தெரியும் வண்ணப்படத்தை அப்படியே நம்பாமல், தாளில் ஒரு தோராயக் கணக்கும் போட்டுப் பார்த்த பிறகே பொறியாளர் கையெழுத்திட வேண்டும். என்ஜினீயரிங் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.