குளத்து மீனுக்குக் குளத்தில் இடம் கேட்கிறோம்
பூதப்பாண்டி வட்டாரக் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியர், நீர்வளத்துறை, மீன்வளத்துறை, பூதப்பாண்டி பேரூராட்சி ஆகியோரின் கவனத்துக்கு:

பழையாற்றுக் கரையில் பயிர் செய்கிறவர்கள், குளத்தில் வலை வீசுகிறவர்கள், மறுகாலில் தூண்டில் போடுகிறவர்கள், சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். உழைக்கிறவர்களின் உரிமைக்காகவே வாழ்ந்த ஜீவா 1907இல் பிறந்த ஊர் இது. கோரிக்கை வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. பேச வாயில்லாத மீனுக்காக வைப்பதுதான் புதிது.

சுருளோட்டுப் பக்கம் மலையிறங்கி மணக்குடியில் கடல் சேரும் பழையாறும், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் எங்கள் குளங்களை நிரப்புகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. விதை போடாமல், உரம் வைக்காமல் அதே தண்ணீரில் விளைகிறவை வேறு சிலவும் உண்டு. விரால், குறவை, தேளி, கெளுத்தி, ஆரல், அயிரை, உளுவை, பனையேறிக் கெண்டை, விலாங்கு, பொடிக் கெண்டைகள். குளத்துக்கு ஆயக்கட்டு உண்டு, ஏலத்தொகை உண்டு, தாமரைக்குக்கூடக் குத்தகை உண்டு. இந்த மீன்களுக்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறோம்: குளத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலையிலும், ஒவ்வொரு ஏலத்திலும் நாட்டு மீனைக் கணக்கில் எடுங்கள்.

முதல் கோரிக்கை தூர்வாருவது பற்றி. தூர் வாரத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கோடையில் குளம் வற்றும்போது விராலும் குறவையும் தேளியும் செத்துப்போவதில்லை. காற்றை நேரே சுவாசிக்கத் தெரிந்த மீன்கள் அவை. கடைசிக் குட்டைச் சேற்றுக்குள் இறங்கி அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். ஜேசிபி வந்து அந்தச் சேற்றையும் ஒரே சீராக வழித்து லாரியில் ஏற்றும்போது, அடுத்த ஆண்டுக்கான வித்து மீனும் வண்டலோடு போய்விடுகிறது. ஆகவே, ஒரே கோடையில் குளம் முழுவதையும் தோண்டக் கூடாது. பாதி இந்த ஆண்டு, பாதி அடுத்த ஆண்டு என்று பிரித்துச் செய்யுங்கள். மடைக்கு அருகே ஆழமான ஒரு மடுவைத் தொடாமல் விடுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாய்மொழி உத்தரவு இயந்திரத்தை நிறுத்தாது.

கரை பற்றியும் சொல்ல வேண்டும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியை ஊன்றி ஈர மண்ணில் ஊர்ந்து அடுத்த தண்ணீருக்குப் போகக்கூடியது. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது 1797இல் லண்டன் லின்னியன் சங்க இதழில் வெளியானது. அப்படிப்பட்ட மீனுக்கும் செங்குத்தான சிமெண்ட் சுவரில் ஊன்ற இடமில்லை. கரை உடையும் இடத்தில் கல் கட்டுங்கள். மற்ற இடத்தில் மண் சரிவும் கோரையும் புல்லும் இருக்கட்டும்.

அந்தப் புல்லுக்குள்தான் விரால் குடும்பம் நடத்துகிறது. கரையோரச் செடிகளை விலக்கி ஒரு வட்டம் ஒதுக்கி, அதில் முட்டை இடும். முட்டை தண்ணீர் மேல் மிதக்கும். தாயும் தகப்பனும் அந்த இடத்தைவிட்டு அகலாது. குஞ்சு பொரித்ததும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும், சட்டென்று கீழே போகும். பெரிய மீன் நேர் அடியில் நிற்கும். குஞ்சுக்கூட்டத்தைப் பார்த்தால் பெரிய மீன் எங்கே என்று தெரிந்துவிடும் என்பதால், அதைக் குறிவைத்தே தூண்டில் விழுகிறது. காவல் போனதும் மற்ற மீன்கள் அந்தக் கொத்தைத் தின்று தீர்த்துவிடும். எனவே பருவமழை தொடங்கும் வாரங்களில், புதுத்தண்ணீரை எதிர்த்து வயலுக்கும் குளத்துக்கும் ஏறும் மீனைக் கால்வாயை மறித்துப் பிடிப்பதற்கும், குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிப்பதற்கும் தடை வேண்டும். கேரளத்தில் இப்படிப்பட்ட தடை நடைமுறையில் இருக்கிறது. கொசுவலையால் பொடிமீன் அள்ளுவதை நாங்களே நிறுத்துகிறோம், எங்கள் பிள்ளைகளையும் நிறுத்துகிறோம்.

அடுத்தது ஏலம். கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறவர்களின் பிழைப்பை நாங்கள் கெடுக்க வரவில்லை. குஞ்சு விடும் முன் இலுப்பைப் பிண்ணாக்கோ பிளீச்சிங் பவுடரோ போட்டு, இருக்கிற மீனையெல்லாம் ‘களை மீன்’ என்று அழிக்கும் முறை சொந்தப் பண்ணைக் குட்டையோடு நிற்கட்டும், பொதுக் குளத்துக்கு வேண்டாம். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரித்து, குளம் குளமாகப் பரவிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000இலேயே தடை போட்டது. இந்த இரண்டில் எதையும் பொதுக் குளத்தில் விடுகிறவரின் குத்தகை ரத்தாகும் என்ற நிபந்தனை வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்த்த அலங்கார மீன்களையும் குளத்தில் கொட்டக் கூடாது என்று ஒவ்வொரு படித்துறையிலும் பலகை வையுங்கள்.

விலாங்கு கடலில் முட்டையிடும் மீன். அதன் குஞ்சு மணக்குடிக் கழிமுகம் வழியாக ஆறேறி வர வேண்டும். பழையாற்றின் தடுப்பணைகளில் பழுது பார்க்கும்போதே மீன் ஏறும் சரிவுப் பாதை ஒன்று கட்டுங்கள். ஆற்றில் சாக்கடை கலப்பதைத் தடுக்காமல் இதைச் செய்து பயனில்லை.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். எங்கள் பகுதிப் பதிவேட்டில் குளம் குளமாக மீன் பட்டியல் சேர வேண்டும். பெயர் சொல்ல வலைக்காரர்களையும் மீன் விற்கும் பெண்களையும் கூப்பிடுங்கள். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் இனம் பிரித்துக் கொடுக்கட்டும்.

சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளுக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது பறவைகளால். அதில் எங்களுக்கும் பெருமைதான். கூழைக்கடாவும் நாரையும் மீனைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மீனுக்காகவே குட்டையைக் காப்பதும் உலகில் நடக்கிறது: இங்கிலாந்தின் நார்போக் பகுதியில், வயலோரக் குட்டைகள் தூர்ந்துபோனதால் அருகிய குரூசியன் கெண்டைக்காக, அந்தக் குட்டைகளைத் திறந்து மீனைத் திரும்ப விட்டு வளர்க்கிறார்கள். அது பெரிய விலைக்குப் போகும் மீன்கூட இல்லை.

வரும் கோடையில் கால்வாய் அடைக்கும் முன், நீர்வளத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகள் எங்களோடு கரையில் நடந்து, எந்தக் குளத்தில் எந்த மடுவை விடுவது என்று அடையாளக் கல் நட வேண்டும். இடம் காட்ட வலைக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.