வீதிக்கு அடியில் உறங்கும் ஆபத்து: இளையோர் அறிய வேண்டிய ஒரு துறை

புலம்பெயர் நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பும் குளிர்கால வெப்பமும் எரிவாயுவையே நம்பியுள்ளன. அவ்வாயுவைச் சுமந்துவரும் சிறு குழாய்கள் வீதிக்கு அடியில் எந்நிலையில் உள்ளன என்று சிந்திப்போர் மிகச் சிலரே.

1999 டிசம்பர் 22 அன்று ஸ்கொட்லாந்தின் லார்க்ஹோல் நகரில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. பெற்றோரும் இரு பிள்ளைகளும் மாண்டனர். அரிப்புக்குள்ளான இரும்புக் குழாயிலிருந்து கசிந்த வாயுவே அதற்குக் காரணம். 2005 இல் எடின்பரோ உயர் நீதிமன்றம் டிரான்ஸ்கோ நிறுவனத்திற்கு 15 மில்லியன் பவுண்ஸ் தண்டம் விதித்தது.

அவ்வெடிப்பின் பின்னர், கட்டடங்களை அண்டிய இரும்புக் குழாய்களை அகற்றிப் பிளாஸ்டிக் குழாய்களைப் பதிக்கும் 30 ஆண்டுத் திட்டம் பிரித்தானியாவில் 2002 இல் தொடங்கியது. திட்டம் நன்றே. ஆயினும் 30 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். அதுவரை காத்திருக்கும் குழாய்களுள் எது முதலில் உடையும் என்பதை ஏட்டுப் பதிவுகளை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. உள்ளே நுழைந்து பார்த்தல் வேண்டும்.

பெருங்குழாய்களில் வாயுவின் அழுத்தமே சோதனைக் கருவியைத் தள்ளிச் செல்கிறது. சிறு குழாய்களிலோ அழுத்தம் குறைவு. வளைவுகளும் வால்வுகளும் அதிகம். விட்டமும் இடத்துக்கிடம் மாறும். இத்தடைகளைக் கடக்கவே அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'எக்ஸ்புளோரர்' என்னும் ரோபோவை உருவாக்கியது. தொடர்வண்டி போல் பல பகுதிகள் இணைந்த இக்கருவி, வாயு விநியோகத்தை நிறுத்தாமலேயே, மின்கல வலுவில் குழாய்க்குள் தானே ஊர்ந்து செல்லும். 6 முதல் 8 அங்குலக் குழாய்களுக்காக அமைந்த அதன் அடுத்த வடிவம், குழாய்ச் சுவர் எங்கு மெலிந்துள்ளது என்பதை மின்காந்த உணரியால் கண்டறியும்.

செலவு அதிகம் என்பது நிறுவனங்களின் வாதம். வீதியைத் தோண்டுவதும் செலவே. உயிரிழப்புக்கோ ஈடே இல்லை. ஆகவே, மாற்றப்படாத குழாய்கள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன எனத் தத்தம் பகுதி மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்பது ஒவ்வொரு குடும்பத்தினதும் உரிமையாகும்.

மருத்துவமும் கணக்கியலுமே கல்வி எனக் கருதும் பெற்றோர் இத்துறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயந்திரவியல், மின்னணுவியல், உலோகவியல் மூன்றும் கைகோர்க்கும் களம் இது. வாழும் நாட்டின் வீதிகளைக் காக்கும் பணியில் தமிழ் இளையோரும் பங்கேற்பது அந்நாட்டிற்கும் தம் இனத்திற்கும் ஆற்றும் நற்றொண்டாகும்.